விளையாட்டு நிலத்தின் அருகுத் தோற்றம்: ஒளிப்படமா, சூத்திரமா, ஆயத்தத் தொகுப்பா?

ஒரு கிலோமீற்றர் நீளமும் அதே அகலமும் கொண்ட நிலப்பரப்பின் மீது 4096 பிக்சல் அகலமான ஒரே நிறப்படத்தைப் போர்த்தினால், ஒரு பிக்சல் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் தரையை மூட வேண்டியிருக்கும். தொலைவிலிருந்து பார்க்க அது போதும். தோட்டமும் மணல்வெளியும் தெருவும் தத்தம் நிறத்தோடு பிரிந்து தெரியும். பாத்திரம் அதே தரையில் நின்று கீழே பார்க்கும்போது தெரிவது கலங்கிய வண்ணத் திட்டு மட்டுமே. படத்தைப் பெரிதாக்கித் தப்பவும் முடியாது: ஒரு பிக்சலுக்கு 2 மில்லிமீற்றர் என்ற நுணுக்கம் வேண்டுமானால், அந்த ஒரே படத்தின் அகலம் ஐந்து இலட்சம் பிக்சலாக இருக்க வேண்டும். ஆகவே பெரிய நிறப்படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு மீற்றர் அகலத்தைக் காட்டும் 1024 பிக்சல் படமொன்றை அதன் மேல் மீண்டும் மீண்டும் பதிப்பதே வழக்கம். 1998இல் வெளிவந்த அன்ரியல் விளையாட்டிலேயே இந்த உத்தி கையாளப்பட்டது.

இந்தச் சிறு படத்தை, அதாவது டீட்டெயில் டெக்ஸ்சரை, எங்கிருந்து பெறுவது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. நாமே ஒளிப்படம் எடுக்கலாம், கணிதச் சூத்திரங்களைக் கொண்டு உருவாக்கலாம், இணையத் தொகுப்புகளிலிருந்து இறக்கலாம், கையால் தீட்டலாம். பொதுவாகப் பேசினால் நான்கும் நல்லவையே என்று முடிந்துவிடும் என்பதால், ஒரு குறிப்பிட்ட நிலையை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறேன். வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ ஓர் அறையிலிருந்து வேலை செய்யும் மூவர் குழு. களம் யாழ்ப்பாணக் குடாநாடு, அதாவது மணற்காட்டின் மணற்குன்றுகள், வலிகாமத்தின் செம்மண் தோட்டங்கள், நெடுந்தீவின் பவளக்கல் வேலிகள். பாத்திரத்தின் தோளுக்குப் பின்னால் நிற்கும் கமரா. வெளியீடு கணினிக்கும் நடுத்தர விலை அன்ரொயிட் கைபேசிக்கும்.

வழிகளை எடைபோடுவதற்கு முன், இந்தப் படம் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு சிறியது என்பதைத் தெளிவாகக் காண வேண்டும், ஏனெனில் முடிவு முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. டீட்டெயில் டெக்ஸ்சர் பெரும்பாலும் அடித்தள நிறத்தோடு பெருக்கப்பட்டு, அதன் பின் இரட்டிக்கப்படுகிறது. நடுச் சாம்பல், அதாவது 0.5, இரட்டிக்கும்போது ஒன்றாகும். ஒன்றால் பெருக்கினால் அடித்தள நிறம் மாறாது. எனவே சாம்பலை விட வெளிறிய இடங்களில் தரை வெளுக்கும், இருண்ட இடங்களில் கருக்கும், அவ்வளவுதான். இதில் ஒரு நல்ல விளைவு மறைந்திருக்கிறது. தூரம் கூடக்கூட விளையாட்டு இயந்திரம் படத்தின் சுருக்கிய பிரதிகளை, அதாவது மிப்மெப்களை, எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுருக்கமும் சராசரியை நோக்கிப் போகிறது. படத்தின் சராசரி சரியாக நடுச் சாம்பலாக இருந்தால், தொலைவில் நுணுக்கம் தானாகவே கரைந்து, பெரிய நிறப்படம் மட்டும் எஞ்சும். சராசரி சற்றே கூடிக் குறைந்தாலோ, முழு நிலத்தின் நிறமும் ஒரே சீராக விலகிவிடும். அதைத் திருத்தாமல் தொலைவில் நுணுக்கத்தை மட்டும் அணைத்துவிட்டால், பாத்திரத்தைச் சுற்றி ஒரு வெளிறிய வட்டம் தோன்றி அவரோடு கூடவே நகரும்.

நிறவெளியையும், அதாவது படத்தின் எண்களை எவ்வளவு ஒளியாகக் கொள்வது என்ற முறையையும், இங்கேயே கவனித்துவிட வேண்டும். யுனிட்டி என்ற விளையாட்டு இயந்திரத்தின் பழைய ஸ்டாண்டர்ட் ஷேடர், அதாவது பரப்பின் நிறத்தைக் கணிக்கும் சிறு நிரல், திரைக்கான எண்களையே நேரடியாகக் கொள்ளும் காமா முறையில் 2 ஆல் பெருக்குகிறது. எண்ணும் ஒளியளவும் நேர்விகிதத்தில் அமையும் லீனியர் முறையில் ஏறத்தாழ 4.59 ஆல் பெருக்குகிறது, ஏனெனில் திரையில் நடுச் சாம்பலாகத் தெரிவது லீனியர் கணக்கில் 0.22 அளவே வரும். படத்தை இறக்கும்போது, திரைக்கான எண்களை லீனியராக மாற்றச் சொல்லும் எஸ்ஆர்ஜிபி என்ற தெரிவை அணைத்துவிட்டு, லீனியர் முறையில் இந்த ஷேடரைப் பயன்படுத்தினால் தரை இரு மடங்குக்கு மேல் வெளுத்துவிடும். படம் எந்த வழியில் வந்ததாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அதன் தரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இவ்வாறு பார்த்தால், டீட்டெயில் டெக்ஸ்சருக்கு நிறம் தேவையில்லை. மணலின் மஞ்சளும் செம்மண்ணின் சிவப்பும் பெரிய நிறப்படத்திலிருந்து வருகின்றன. சிறு படம் தர வேண்டியது மணியின் அளவும் மேடு பள்ளமும் மட்டுமே. ஆயத்தத் தொகுப்புகள் பெருமையோடு விற்கும் துல்லியமான நிறம் என்ற பண்பு, நாம் முதலில் கழித்துவிடப் போகும் பண்பு. கொழும்பில் இருந்துகொண்டு வடக்கின் தரையை உருவாக்குவது சாத்தியமாவதும் இதனால்தான்.

ஒளிப்பட வழியிலிருந்து தொடங்குகிறேன். அதிகம் யோசிக்க வேண்டிய வழி அதுவே. கருவி பற்றிய அச்சம் தேவையற்றது. 12 மெகாபிக்சல் கைபேசிக் கமராவை மார்பளவு உயரத்தில் தரைக்கு நேர் கீழ்நோக்கிப் பிடித்தால், படத்தின் நீளவாட்டில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் அடங்கும்; 4000 பிக்சலுக்கு 2 மீற்றர் என்றால் ஒரு பிக்சலுக்கு அரை மில்லிமீற்றர். அதை 1024க்குச் சுருக்கும்போது பல பிக்சல்கள் ஒன்றாகச் சேர்வதால் சென்சரின் இரைச்சலும் பெரும்பாலும் அடங்கிவிடும். கைபேசி தானாகச் செய்யும் கூர்மையாக்கலைத் தவிர்க்க, திருத்தப்படாத தரவைச் சேமிக்கும் ரோ வடிவத்தில் எடுப்பது நல்லது. அந்தக் கூர்மை மணல்மணிகளைச் சுற்றி வெள்ளைக் கோடாகப் படிந்து, பெருக்கும்போது பளிச்சென்று தெரியும்.

உண்மையான சிக்கல் வெளிச்சம். நிழல் விழாத, மேகம் மூடிய வானமே தரையை எடுக்க ஏற்றது. கொழும்பில் அது தாராளமாகக் கிடைப்பது மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில்; ஆனால் அந்த மேகம் மழையையும் கொண்டுவருகிறது. ஈரத் தரை கருத்து மினுங்கும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி அமுங்கிவிடும். காய்ந்த தரையாக அதை மாற்ற எந்த மென்பொருளாலும் திருப்தியாக இயலாது. குடாநாடோ ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, வாடைக்காற்றோடு மட்டும் நனையும் நிலம். எனவே கொழும்பில் எடுப்பவர் தேட வேண்டியது, இரண்டு நாள் மழை ஓய்ந்து, தரை காய்ந்து, வானம் இன்னும் மூடியிருக்கும் காலைப் பொழுது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்பதால் நிழல் குறையும் என்று சிலர் சொல்வார்கள். சிறு கற்களுக்கு அது உண்மைதான். ஆனால் கமராவைப் பிடித்திருப்பவரின் நிழல் நேரே படத்தின் நடுவில் விழும்.

எங்கே எடுப்பது? காலி முகத்திடலின் மிதிபட்ட புல்லும் இடையிடையே வெளித்தெரியும் மண்ணும், பார்க்க எளிமையாக இருந்தாலும், எந்தத் தொகுப்பிலும் கிடைக்காத ஒழுங்கின்மை கொண்டவை. கல்கிசைக் கடற்கரையின் மணல் மணற்காட்டின் மணலை விடக் கரடானது, பழுப்பானது. நிறத்தைக் கழித்துவிட்டு, டைலின், அதாவது மீண்டும் மீண்டும் பதியும் படத்தின், அளவை இரண்டு மீற்றரிலிருந்து ஒன்றாகக் குறைத்தால் மணி நுண்மையாகத் தோன்றும், நிற வேறுபாடும் பொருட்டாகாது. புறநகரின் கிரவல் ஒழுங்கைகளைச் செம்மண்ணுக்குப் பதிலாக எடுக்கலாம் என்று நினைப்பது மட்டும் சரிவராது. கிரவல் உருண்டைக் கற்களால் ஆனது. வலிகாமத்துச் செம்மண் பொடியாகவும் கட்டியாகவும் கிடப்பது. நிறம் ஒன்றாக இருந்தாலும் உருவம் வேறு, நமக்கு வேண்டியதோ உருவம். வெள்ளவத்தையில் கடலோரமாக ஓடும் தண்டவாளத்தின் சல்லிக்கல் கண்ணைக் கவரும். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, எதிர்க்காற்றில் ரயிலின் சத்தம் பிந்தியே கேட்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எடுத்த படத்தைச் சாம்பலாக்கி, அதன் மங்கலாக்கிய பிரதியை அதிலிருந்து கழித்து, 0.5ஐக் கூட்டினால் டீட்டெயில் டெக்ஸ்சர் கிடைத்துவிடும். ஜிம்ப்பிலும் போட்டோஷொப்பிலும் ஹை பாஸ் என்ற பெயரில் இருப்பது இதுவே. மங்கலாக்கும் ஆரையைத் தெரிவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. ஆரை பெரிதாக இருந்தால் படத்தின் ஒரு மூலையிலுள்ள கருந்திட்டு அப்படியே தங்கி, இரண்டு மீற்றருக்கு ஒருமுறை கண்ணில் படும். சிறிதாக இருந்தால் தரை உப்புத்தாளாகத் தட்டையாகிவிடும். படத்தின் அகலத்தில் பதினாறில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். ஓரங்களின் இணைப்பை மறைக்க, படத்தை அரைவாசி நகர்த்தி நடுவில் தோன்றும் கோட்டைக் குளோன் தூரிகையால் அழிப்பதும், கிரிட்டா என்ற வரைதல் மென்பொருளில் டபிள்யூ விசையை அழுத்தி நான்கு பக்கமும் படம் தொடர்வதைப் பார்த்தபடியே திருத்துவதும் நடைமுறை.

ஒற்றை ஒளிப்படத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதிலிருந்து நோர்மல் மெப், அதாவது பரப்பின் மேடு பள்ளச் சாய்வுகளை வெளிச்சக் கணக்குக்குச் சொல்லும் படம், உருவாக்கும் மென்பொருள்கள் கருமையைப் பள்ளமாகவும் வெண்மையை மேடாகவும் எடுத்துக்கொள்கின்றன. வெளிறிய மணலின் மேல் கிடக்கும் கரிய பனஞ்சருகு இந்தக் கணக்கில் குழியாகிவிடும். பவளக்கல் சிதறிக்கிடக்கும் தரைக்கு இது பெருங்குறை, ஏனெனில் அங்கே மேடு பள்ளம்தான் எல்லாமே. அத்தகைய தரைக்கு ஒன்றின் மேல் ஒன்று பெருமளவு படியுமாறு பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து உண்மையான உயரத்தைக் கணிக்கும் போட்டோகிராமெட்ரி வேண்டும். மெஷ்ரூம் என்ற இலவசத் திறந்தமூல மென்பொருள் அதைச் செய்யும். ஆனால் அடர்ந்த மேற்பரப்பைக் கணிக்கும் கட்டத்துக்கு என்விடியா கிராபிக்ஸ் அட்டை தேவை. காற்றில் ஆடும் புல்லுக்கு இந்த முறை உதவாது. நெடுந்தீவுக்குப் படமெடுக்கப் போவதானால், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணமும் குறிகட்டுவானிலிருந்து படகும் சேரும். அந்தச் செலவைப் பவளக்கல்லுக்கு மட்டும் ஒதுக்குவதே நியாயம் என்பது என் கருத்து.

சூத்திர வழிக்கு வருவோம். கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட, எழுமாறான ஏற்ற இறக்கங்களைக் கணிக்கும் நொய்ஸ் முறையும், ஸ்டீவன் வோர்லி 1996இல் வெளியிட்ட செல் நொய்ஸும் இன்றுவரை இந்த வழியின் இரு தூண்கள். முன்னையது மணலின் மெல்லிய அலையையும் மண்ணின் பொருக்கையும் தரும். பின்னையது வற்றிய குளத்தின் வெடிப்பையும் கூழாங்கல் பரப்பையும் தரும். இவ்வழியின் மேன்மைகள் நமது தேவைக்கு அப்படியே பொருந்துகின்றன. ஓரங்கள் இயல்பாகவே இணையும். சராசரியை எண்ணாகவே அமைத்துக்கொள்ளலாம். உயரப்படத்தைத்தான் முதலில் உருவாக்குகிறோம் என்பதால் நோர்மல் மெப் பொய் சொல்லாது. மணற்காட்டின் குன்றுகளில் காற்று வரைந்த அலைகளுக்கு இடைவெளியை 8 சென்ரிமீற்றராகவோ 12 ஆகவோ மாற்றிப் பார்ப்பது ஒரு எண்ணைத் திருத்துவதோடு முடிந்துவிடும், ஒளிப்படத்தில் அது நடக்காத காரியம்.

குறை என்னவென்றால், சூத்திரம் தரும் தரையில் எதுவும் நடந்திருக்காது. ஆட்டின் குளம்படியோ, சைக்கிள் தடமோ, உடைந்த சிப்பியோ, சருகின் நரம்போ அதில் இல்லை. அவை ஒவ்வொன்றையும் தனித்தனி வடிவமாக உருவாக்கித் தூவ வேண்டும். அந்த உழைப்பு கூடிக்கொண்டே போகும்போது, ஒரு காலைப்பொழுதில் கைபேசியால் எடுத்திருக்கலாமே என்ற எண்ணம் வரும். மணலுக்கும் உழுத மண்ணுக்கும் இந்த வழி, சருகுக்கும் மிதிபட்ட புல்லுக்கும் ஒளிப்படம் என்று பிரித்துக்கொள்வது இதனால்தான்.

கருவிச் செலவும் சிறு விடயமன்று. 2019இல் அடோபி வாங்கிய சப்ஸ்டன்ஸ் டிசைனர் இத்துறையின் முதன்மைக் கருவி. அதன் சந்தா டொலரில். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதைக் கண்ட எவரும், வேலை பாதியில் நிற்கும்போது மாதாந்தம் கட்ட வேண்டிய டொலர்க் கணக்கொன்றை விரும்பமாட்டார். கோடோ விளையாட்டு இயந்திரத்தின் மேல் எழுதப்பட்ட மெட்டீரியல் மேக்கர் இலவசமானது, திறந்தமூலமானது; பிளெண்டரின் ஷேடர் முனைகளைக் கொண்டு வரைந்து படமாகச் சுட்டெடுக்கவும் முடியும். டிசைனரின் வடிகட்டிகளின் செழுமை இரண்டிலும் இல்லை. சாம்பல்நிற மணலுக்கு அந்தச் செழுமை தேவையும் இல்லை.

ஆயத்தத் தொகுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பொலி ஹேவன், அம்பியன்ட்சிஜி ஆகிய இணையத்தளங்கள் சிசி0 (CC0) உரிமத்தில் தருவதால், விற்பனைக்கான விளையாட்டிலும் பெயர் குறிப்பிடாமல் பயன்படுத்தலாம். 2019இல் எபிக் கேம்ஸ் வாங்கிய குவிக்சல் மெகாஸ்கேன்ஸின் தரம் உயர்ந்தது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாக முழுத் தொகுப்பையும் பெற்றுக்கொள்ளும் வாய்ப்பு 2024 முடிவோடு நின்றுவிட்டது, இப்போது ஃபேப் சந்தையில் விலை கொடுக்க வேண்டும். பாறை, சரளை, சேறு போன்று ஊர் பார்க்காத பொருட்களுக்கு இவற்றை எடுப்பதில் தவறில்லை. காட்டுத் தரை என்று தேடினால் ஊசியிலையும் பாசியும் ஓக் இலையும் குவியும். பனங்காட்டின் தரை கிடைப்பது அரிது. பனை விழுந்து கிடக்கும் காணியில் நடந்து வளர்ந்த ஒருவர், நிறத்தை எவ்வளவு கழித்தாலும், அந்த ஓக் இலையின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

கையால் தீட்டும் வழி ஓவிய நடையில் அமையும் விளையாட்டுக்கு உரியது. குழுவில் உண்மையான ஓவியர் ஒருவர் இருந்தால் அவர் இந்த ஒப்பீட்டை வாசித்துக்கொண்டிருக்க மாட்டார். ஏற்கெனவே தீட்டத் தொடங்கியிருப்பார். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கும் படங்களில் நிழல் படிந்தே வருவதால் மேற்சொன்ன கழித்தல் வேலை குறைவதில்லை. அத்துடன் 2024 ஜனவரி முதல் ஸ்டீம் விற்பனைத் தளத்தில் வெளியிடுவோர் அத்தகைய உள்ளடக்கத்தை அறிவிக்க வேண்டும்.

எந்த வழியில் வந்தாலும், இரண்டு மீற்றர் படம் ஒரு கிலோமீற்றர் நிலத்தில் இரண்டரை இலட்சம் முறை பதிகிறது. மாபிள் பதித்த விறாந்தையில் ஒரு கல்லில் மட்டும் கறை இருந்தால் அதைப் பொறுக்கலாம். எல்லாக் கல்லிலும் அதே இடத்தில் அதே கறை இருந்தால் வேறெதுவும் கண்ணில் படாது. எரிக் ஹைட்ஸும் ஃபப்ரிஸ் நெய்ரேயும் 2018இல் வெளியிட்ட முறை, ஒரே படத்தின் மூன்று எழுமாறான துண்டுகளை நிறப்பரம்பல் கெடாமல் கலந்து இந்தத் திரும்பல் தெரியாமல் செய்கிறது. மணலுக்கும் புல்லுக்கும் அது சிறப்பாக வேலை செய்யும். வெடித்த சேற்றிலும் அடுக்கிய கல்லிலும் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பும். கைபேசியிலோ கணக்கு வேறு: நான்கு தரைவகைகளைக் கலக்கும் ஸ்பிளாட் மெப்பில் ஒவ்வொன்றுக்கும் நிறம், நோர்மல், மாஸ்க் என்று மூன்று படங்கள் இருந்தால் ஒரு பிக்சலுக்குப் பன்னிரண்டு வாசிப்புகள், அவற்றை மும்மடங்காக்கினால் முப்பத்தாறு. செங்குத்தான சரிவில் படம் இழுபடாமலிருக்க மூன்று திசைகளிலிருந்து பதிக்கும் டிரைபிளேனர் முறைக்கும் இதே விலை. குடாநாடு ஏறத்தாழத் தட்டை நிலம் என்பதால் டிரைபிளேனரை முற்றாகக் கைவிடலாம். அந்தச் சேமிப்பை மணலின் திரும்பலை மறைப்பதற்குச் செலவிடலாம்.

கடைசியாகச் சுருக்கம். நிறமற்ற படத்தை, கணினியின் கிராபிக்ஸ் அட்டை வாசிக்கும் பிசி1 (BC1) வடிவில் சுருக்கினால், பச்சைக்கு 6 பிட்டும் மற்ற இரண்டுக்கும் 5 பிட்டும் ஒதுக்கப்படுவதால், சாம்பலில் பச்சையும் ஊதாவும் கசியும். அதே கொள்ளளவில், பிக்சலுக்கு 4 பிட்டில், ஒற்றை அலைவரிசைக்கான பிசி4 (BC4) சுத்தமான சாம்பலைத் தரும். கைபேசிக்கு இஏசி ஆர்11 (EAC R11) வடிவம் அதே அளவில் அதே வேலையைச் செய்யும். 1024 படம் மிப்மெப்களோடு சேர்த்தும் முக்கால் மெகாபைட்டைத் தாண்டாது. ஒளிப்படமாக இருந்தாலும் சூத்திரமாக இருந்தாலும் ஒரே விலை. ஆகவே நினைவகத்தைக் காரணம் காட்டி எந்த வழியையும் தள்ள வேண்டியதில்லை.

எனது தெரிவு இவ்வாறு அமையும். மணலும் உழுத செம்மண்ணும் மெட்டீரியல் மேக்கரில். மிதிபட்ட புல் கொழும்பிலேயே எடுத்த ஒளிப்படத்தில். சருகும் செம்மண் கட்டியும் வடக்குக்குப் போகும் யாராவது ஒருவர் கைபேசியில் எடுத்து அனுப்பும் படங்களில். பவளக்கல் மட்டும் போட்டோகிராமெட்ரியில். தெருச் சரளை பொலி ஹேவனிலிருந்து. எல்லாவற்றையும் ஒரே சராசரிக்கும் ஏறத்தாழ ஒரே மாறுபாட்டுக்கும் கொண்டுவந்த பின்னரே ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளிப்படத்தில் வந்தது தனித்துக் கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மிச்சமாகும் நேரம் பெரிய நிறப்படத்துக்கும் ஸ்பிளாட் மெப்புக்கும் போக வேண்டும், ஏனெனில் செம்மண் எங்கே மணலாக மாறுகிறது என்பதை எந்த டீட்டெயில் டெக்ஸ்சரும் சொல்லப்போவதில்லை. கமரா தோளை விட்டு உயர்ந்து, பத்துப் பதினைந்து மீற்றர் மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதாக விளையாட்டின் வடிவம் மாறினால் இந்தப் பட்டியலில் பாதி தேவையற்றதாகிவிடும். அப்போது டைலின் அளவை எட்டு மீற்றராக்கி, சூத்திரத்தில் உருவான இரண்டே படங்களோடு வேலையை முடித்துக்கொள்ளலாம்.